நோயறி சோதனையின் துல்லியத்தை அளப்பது எப்படி? யானைக்கால் பரிசோதனையை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரி, கடலூர் கரையோரத்தில் யானைக்கால் நோய்க் கணக்கெடுப்பு என்பது நெடுங்காலம் இரவு வேலையாகவே இருந்தது. இந்நோயைத் தரும் வுச்சரேரியா பாங்கிராஃப்டி என்னும் புழுவின் நுண்குஞ்சுகள் பகலில் நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் ஒதுங்கிக் கிடந்து, க்யூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரத்துக்கு இணங்க இரவில்தான் தோலை ஒட்டிய இரத்தத்துக்கு வருகின்றன என்பதால், சுகாதாரப் பணியாளர்கள் இரவு பத்து மணிக்கு மேல் வீடு வீடாகச் சென்று, விரல் நுனியைக் குத்தி, ஸ்லைடில் இரத்தம் தடவி எடுத்து வந்தார்கள். பின்னர் வந்த அட்டைப் பரிசோதனையோ முதிர்ந்த புழு இரத்தத்தில் கலக்கவிடும் ஆன்டிஜென் என்னும் அடையாளப் பொருளைத் தேடுகிறது. நண்பகலில் எடுத்த இரத்தமும் அதற்குப் போதும். 1975இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவரும் நோய் இது என்பதாலும், ஒரு சோதனையின் துல்லியத்தை அளக்கும்போது எழும் சிக்கல்கள் அனைத்தும் இந்த ஒரே நோயில் கண்ணுக்குத் தெரிவதாலும், இவ்வழிகாட்டி பெரும்பாலும் இதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

ஸ்லைடு, அட்டை இரண்டில் எது துல்லியமானது என்று கேட்டால், பெட்டியின் மேல் அச்சிட்ட சதவீதத்தைக் காட்டிப் பதில் சொல்லிவிட முடியாது. அந்த எண் சோதனைக்கு மட்டும் உரியதன்று. யாரிடம் அது செய்யப்பட்டது, எதனோடு ஒப்பிடப்பட்டது என்பவற்றோடு சேர்ந்தே அதற்குப் பொருள் உண்டு. அதைப் பிரித்துப் பார்க்கும் முறையைப் படிப்படியாகக் காண்போம். கீழே கணக்குக்காகத் தரப்படும் எண்ணிக்கைகள் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டவை. எந்தக் கள ஆய்வின் முடிவும் அல்ல.

முதல் படி: எதைத் தேடுகிறோம் என்று வரையறுத்தல்

கால் பெருத்து, பல ஆண்டுகளாக அவதிப்படுபவரின் இரவு இரத்தத்தில் நுண்குஞ்சுகள் தென்படாமல் போவது மிகச் சாதாரணம். அந்நிலையில் நிணநீர்க் குழாய்கள் ஏற்கெனவே பழுதடைந்திருக்கும். புழுக்கள் மடிந்தும் போயிருக்கலாம். மாறாக, எந்த வீக்கமும் இல்லாத இளைஞர் ஒருவரின் இரத்தத்தில் குஞ்சுகள் ஏராளமாக நீந்திக்கொண்டிருக்கலாம். ஆகவே "யானைக்கால் நோய் இருக்கிறதா?" என்ற கேள்விக்கும் "கொசு வழியே பிறருக்குப் பரவக்கூடிய தொற்று இப்போது இருக்கிறதா?" என்ற கேள்விக்கும் விடைகள் வெவ்வேறு. ஸ்லைடு இரண்டாவது கேள்விக்கு உரியது. அட்டை, உயிருள்ள புழு உடலில் இருக்கிறதா என்ற மூன்றாவது கேள்விக்கு உரியது. கேள்வியைத் தெளிவுபடுத்தாமல் துல்லியத்தைப் பேசத் தொடங்கினால் மேற்கொண்டு போடும் கணக்கெல்லாம் வீண்.

காலமும் இந்த வரையறைக்குள் அடங்கும். டெங்கு காய்ச்சலில், வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 சோதனை முதல் சில நாட்களில் நன்றாகப் பிடிக்கும்; கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் பொதுவாக ஐந்தாம் நாளையொட்டித்தான் அளவிடும்படி உயரும். இரண்டாம் நாளில் ஐ.ஜி.எம். மட்டும் பார்த்து "டெங்கு இல்லை" என்று முடிவுகட்டினால், குற்றம் சோதனையுடையதன்று. அது தவறான நாளில் கேட்கப்பட்டது.

இரண்டாம் படி: ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல்

ஒரு சோதனை சரியாகச் சொன்னதா என்று தீர்மானிக்க, உண்மை நிலையை வேறொரு வழியில் அறிந்திருக்க வேண்டும். நுரையீரல் காசநோய்க்குச் சளியை வளர்ப்பு ஊடகத்தில் இட்டுக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது அத்தகைய ஒப்பீட்டு அளவுகோல். "தங்கத் தரம்" என்று அதைப் புகழ்ந்து சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் மாசு கலவாத தங்கம் மருத்துவத்தில் அரிதாகவே கிடைக்கிறது.

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் பல ஆய்வுகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. உண்மையிலேயே புழு உள்ளவர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். இரவு ஸ்லைடு அவர்களில் 60 பேரைக் கண்டுபிடிக்கிறது. அட்டை அந்த 60 பேரையும், ஸ்லைடு தவறவிட்ட மேலும் 30 பேரையும் சேர்த்து 90 பேரைக் கண்டுபிடிக்கிறது. இப்போது ஸ்லைடையே அளவுகோலாகக் கொண்டால், அட்டை கூடுதலாகப் பிடித்த 30 பேரும் "தவறான பாசிட்டிவ்" என்ற கணக்கில் விழுவார்கள். சிறந்த சோதனை, தன்னைவிடப் பலவீனமான அளவுகோலின் முன் நின்றதாலேயே மோசமானதாகத் தெரியும். அதே அளவீட்டில் அட்டையின் கண்டுபிடிப்புத் திறன் 100 சதவீதம் என்றும் வரும், ஏனெனில் ஸ்லைடு கண்ட அறுபது பேரில் ஒருவரையும் அது விடவில்லை. அந்த எண்ணும் பொய்தான். அளவுகோல் பழுதாயிருந்தால் பிழை ஒரே திசையில் போவதில்லை.

இதற்குத் தீர்வாகப் பல சோதனைகளின் முடிவுகளைக் கூட்டிப் பார்த்து உண்மை நிலையை முன்கூட்டியே வகுத்துக்கொள்வதுண்டு; எந்த ஒன்றையும் முழு உண்மையாகக் கொள்ளாமல் புள்ளியியல் வழியில் மதிப்பிடும் முறைகளும் உண்டு. ஆனால் இரண்டு சோதனைகளும் முரண்பட்ட மாதிரிகளை மட்டும் எடுத்து மூன்றாவதாக ஒன்றால் தீர்ப்பளிப்பது ஏற்கத்தக்கதன்று. இரண்டும் சேர்ந்து தவறிய இடங்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதால், புதிய சோதனையின் மதிப்பெண் இம்முறையில் செயற்கையாக உயர்ந்துவிடும்.

மூன்றாம் படி: நான்கு கட்டங்கள், இரண்டு விகிதங்கள்

அளவுகோல் அமைந்த பிறகு, சோதிக்கப்பட்ட ஒவ்வொருவரும் நான்கு கட்டங்களில் ஒன்றில் அமர்வார்: தொற்று உண்டு, சோதனையும் பாசிட்டிவ்; தொற்று உண்டு, சோதனை நெகட்டிவ்; தொற்று இல்லை, சோதனை பாசிட்டிவ்; தொற்று இல்லை, சோதனையும் நெகட்டிவ். ஓர் ஆய்வில் தொற்று உறுதியான 200 பேரில் அட்டை 180 பேரைப் பாசிட்டிவ் என்றும், தொற்று இல்லாத 800 பேரில் 784 பேரை நெகட்டிவ் என்றும் காட்டியதாகக் கொள்வோம்.

தொற்று உள்ளவர்களில் எத்தனை பங்கைப் பிடித்தது என்பது உணர்திறன்: 180ஐ 200ஆல் வகுக்க, 90 சதவீதம். தொற்று இல்லாதவர்களில் எத்தனை பங்கைச் சரியாக விடுவித்தது என்பது தனித்தன்மை: 784ஐ 800ஆல் வகுக்க, 98 சதவீதம். ஆய்வகங்களில் சென்சிடிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி என்று புழங்குபவை இவையே. காசநோய்க்கான எக்ஸ்ரே முறைகளை மதிப்பிடும்போது 1947இல் ஜேக்கப் யெருஷால்மி இவ்விரு சொற்களையும் இப்பொருளில் எடுத்தாண்டார்.

இவ்விரண்டையும் தனித்தனியே சொல்ல மனமில்லாதவர்கள் "ஒட்டுமொத்தத் துல்லியம்" என்று ஒன்றைச் சொல்வார்கள். நம் எடுத்துக்காட்டில் 1,000 பேரில் 964 பேருக்குச் சரியான விடை கிடைத்ததால் அது 96.4 சதவீதம். இந்த எண்ணை நம்பக் கூடாது. 200 பேரில் ஒருவருக்கே தொற்று உள்ள ஊரில், இரத்தமே எடுக்காமல் எல்லோருக்கும் "நெகட்டிவ்" என்று எழுதிக் கொடுப்பவரின் ஒட்டுமொத்தத் துல்லியம் 99.5 சதவீதம், அதே ஊரில் நம் அட்டையின் துல்லியம் சுமார் 98 சதவீதம்தான். விளம்பரத்தில் இந்த ஒரு எண் மட்டும் இருந்து, மற்ற இரண்டும் இல்லையென்றால், அதற்குக் காரணம் இருக்கும் என்றே கொள்ளலாம்.

நான்காம் படி: நோயாளியின் கேள்விக்குத் திரும்புதல்

உணர்திறனும் தனித்தன்மையும் உண்மை நிலை தெரிந்தவர்களிடமிருந்து தொடங்குகின்றன. முடிவுத்தாளைக் கையில் வைத்திருப்பவருக்கோ உண்மை நிலை தெரியாது. தாள் மட்டுமே தெரியும். "பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது, எனக்கு நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு?" என்பதே அவருடைய கேள்வி. இதற்கு விடை தருவது பாசிட்டிவ் முடிவின் முன்கணிப்பு மதிப்பு. நெகட்டிவ் முடிவுக்கும் அப்படியே ஒன்று உண்டு. இவ்விரண்டும் சோதனையைப் போலவே ஊரையும் சார்ந்தவை.

ஒரே அட்டையை இரண்டு இடங்களில் பயன்படுத்திப் பார்ப்போம். சுற்று வட்டார மருத்துவர்கள் ஐயப்பட்டு அனுப்பிய நோயாளிகள் வந்துசேரும் ஒரு பெரிய மருத்துவமனையில், கோரிமேட்டு ஜிப்மர் போன்ற இடம் என்று வைத்துக்கொள்ளலாம், வந்தவர்களில் 40 சதவீதத்தினருக்குத் தொற்று இருப்பதாகக் கொள்வோம். 1,000 பேரில் 400 பேருக்குத் தொற்று. அட்டை 360 பேரைப் பிடிக்கும். தொற்று இல்லாத 600 பேரில் 12 பேரைத் தவறாகப் பாசிட்டிவ் என்னும். மொத்தம் 372 பாசிட்டிவ்களில் 360 உண்மை. அதாவது சுமார் 97 சதவீதம். மருத்துவர் தயங்காமல் சிகிச்சையைத் தொடங்கலாம்.

இனி அதே அட்டையைக் கடலூர்க் கடற்கரையில், நோய் ஏறக்குறைய ஒழிந்துவிட்ட ஒரு மீனவக் கிராமத் தொகுப்புக்குக் கொண்டு செல்வோம். 10,000 பேர், தொற்று 200க்கு ஒருவர் வீதம் 50 பேருக்கு. அட்டை 45 பேரைப் பிடித்து ஐவரை விடும். தொற்று இல்லாத 9,950 பேரில் 2 சதவீதம், அதாவது 199 பேர், தவறான பாசிட்டிவ் ஆவார்கள். ஆகப் பாசிட்டிவ் 244; அவற்றுள் உண்மை 45 மட்டும். முன்கணிப்பு மதிப்பு சுமார் 18 சதவீதம். பாசிட்டிவ் என்று சொல்லப்பட்ட ஐந்து பேரில் நால்வருக்குத் தொற்று இல்லை. அட்டை மாறவில்லை, செய்தவரின் திறமை குறையவில்லை. நோய் அரிதாகியிருக்கிறது, அவ்வளவுதான். அதே கிராமத்தில் நெகட்டிவ் வந்த 9,756 பேரில் 5 பேருக்கே தொற்று என்பதால், நெகட்டிவ் முடிவு ஏறக்குறைய முழு நம்பிக்கைக்குரியது.

நோயொழிப்புத் திட்டங்கள் வெற்றியை நெருங்கும்போது இச்சிக்கல் கூர்மையடைகிறது. டி.இ.சி., அல்பெண்டசோல் என்னும் புழுக்கொல்லி மாத்திரைகளை ஊர் முழுவதற்கும் கொடுத்து முடித்தபின், பரவல் நின்றதா என்று அறிய ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளைச் சோதிக்கிறார்கள். அவ்வயதினரிடம் தொற்று இருந்தால் அது அண்மையில் வந்ததாகவே இருக்க வேண்டும். அங்கே வரும் சில பாசிட்டிவ்களில் எத்தனை உண்மை என்பது, மருந்தளிப்பை நிறுத்துவதா தொடர்வதா என்ற முடிவையே அசைக்கும்.

இதிலிருந்து மீள வழி, பாசிட்டிவ் ஆனவர்களை மட்டும் வேறு வகைச் சோதனையால் மீண்டும் பார்ப்பது. மேற்கண்ட 244 பேருக்கு, 95 சதவீத உணர்திறனும் 99 சதவீதத் தனித்தன்மையும் கொண்ட இரண்டாவது சோதனையைச் செய்தால், உண்மையானவர் சுமார் 43 பேரும் தவறானவர் சுமார் 2 பேரும் எஞ்சுவார்கள். முன்கணிப்பு மதிப்பு 95 சதவீதத்தைத் தாண்டிவிடும். எச்.ஐ.வி. பரிசோதனை மையங்களில் முதல் சோதனை எதையும் தவறவிடாததாகவும், பாசிட்டிவ் என்றால் அடுத்து வருபவை ஆன்டிஜெனிலோ செயல்முறையிலோ வேறுபட்டவையாகவும் அமைக்கப்பட்டிருப்பது இக்கணக்கின்படிதான். வேறுபட்டவை என்பது முக்கியம். முதல் அட்டையை ஏமாற்றிய பொருள் அதே இரத்தத்தில் இருக்கும்வரை, அதே அட்டையை இரண்டாம் முறை போட்டுப் பார்ப்பது பெரிதாக எதையும் உறுதிசெய்யாது.

இக்கணக்கைப் பொருட்படுத்தாததன் விளைவை நம் நாடு கண்டிருக்கிறது. காசநோய்க்கென விற்கப்பட்ட இரத்த எதிர்ப்பொருள் சோதனைகள் நோயற்றவர்களை நோயாளிகளாகவும் நோயாளிகளை நலமானவர்களாகவும் காட்டிவந்தன. அவற்றைப் பயன்படுத்த வேண்டாமென 2011இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. 2012இல் இந்திய அரசு அவற்றைத் தடை செய்தது.

ஐந்தாம் படி: வாய்ப்பு விகிதம்

ஒவ்வோர் ஊருக்கும் அட்டவணை போடாமல் இதே கணக்கைச் செய்ய ஒரு குறுக்குவழி உண்டு. உணர்திறனைத் தவறான பாசிட்டிவ் விகிதத்தால் வகுத்தால், பாசிட்டிவ் முடிவின் வாய்ப்பு விகிதம் கிடைக்கும்: 90ஐ 2ஆல் வகுக்க, 45. தவறவிட்ட விகிதத்தைத் தனித்தன்மையால் வகுத்தால் நெகட்டிவ் முடிவுக்கு உரியது: 10ஐ 98ஆல் வகுக்க, சுமார் 0.1. சோதனைக்கு முன் ஐயம் 40க்கு 60 என்றால், முன் எண்ணை 45ஆல் பெருக்குங்கள்; 1,800க்கு 60, அதாவது 30க்கு 1. முப்பத்தொன்றில் முப்பது என்பது மேலே கண்ட அதே 97 சதவீதம். 10க்கு மேற்பட்ட விகிதம் நோயை வலுவாக உறுதிசெய்வதாகவும், 0.1க்குக் கீழ்ப்பட்டது வலுவாக விலக்குவதாகவும் மருத்துவர்கள் கொள்வது வழக்கம். 1 என்றால் அந்தச் சோதனைக்குக் கொடுத்த காசு வீண்.

ஆறாம் படி: வெட்டுப்புள்ளி

அட்டையில் கோடு தெரிகிறது அல்லது தெரியவில்லை. ஆனால் பெரும்பாலான சோதனைகள் ஓர் எண்ணைத்தான் தருகின்றன. எந்த எண்ணுக்கு மேல் பாசிட்டிவ் என்பதை மனிதர்கள் தீர்மானிக்கிறார்கள். புதுச்சேரி, தமிழக மருத்துவமனைகளில் மழைக்காலத்தை ஒட்டி மிகுதியாகக் காணப்படும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்கான ஐ.ஜி.எம். எலைசாவை, அதாவது இரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவைக் காட்டும் ஆய்வகச் சோதனையை, எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுப்புள்ளியைத் தாழ்த்தினால் நோயாளிகள் தப்பமாட்டார்கள்; ஆனால் முன்பு எப்போதோ தொற்றுக்கு ஆளானவர்களும் வலையில் விழுவார்கள். உயர்த்தினால் நேர்மாறாகும். அந்நோய் பரவியுள்ள ஊர்களில் நலமாக இருப்பவரிடமும் ஓரளவு எதிர்ப்பொருள் இருக்கும் என்பதால், வேறு நாட்டில் வகுத்த வெட்டுப்புள்ளியை அப்படியே ஏற்காமல், அந்தந்தப் பகுதியின் நலமானவர்களிடம் அளந்து வகுப்பதே முறை. டைஃபாய்டுக்கான வைடால் சோதனையை ஒரே ஒரு முறை செய்து பார்த்து முடிவெடுப்பது மோசமாகப் போவதும் இதே காரணத்தால்தான். பழைய தொற்றும் தடுப்பூசியும் அதை உயர்த்திக் காட்டிவிடும்.

எல்லா வெட்டுப்புள்ளிகளுக்கும் உணர்திறனையும் தவறான பாசிட்டிவ் விகிதத்தையும் குறித்து வரையும் வளைகோட்டை ஆர்.ஓ.சி. என்பார்கள், இரண்டாம் உலகப்போர்க் காலத்து ரேடார் வேலையிலிருந்து வந்தது அது. வளைகோட்டின் கீழுள்ள பரப்பு 0.5 என்றால் நாணயம் சுண்டுவதற்குச் சமம், 1 என்றால் பிழையற்றது. பரப்பு பெரிதாக இருப்பது நல்லதே. ஆனால் எந்தப் புள்ளியில் நின்று மருந்து கொடுப்பது என்பதை அது சொல்லாது. தவறவிட்டால் உயிர் போகும் நோய்க்கும், தவறாகச் சொன்னால் அறுவை சிகிச்சை வரை போகும் நோய்க்கும் ஒரே புள்ளி பொருந்தாது.

ஏழாம் படி: எத்தனை பேரிடம் சோதித்தார்கள்

200 பேரில் 180 என்பதும் 20 பேரில் 18 என்பதும் 90 சதவீதமே. ஆனால் முதலாவதன் 95 சதவீத நம்பக இடைவெளி, அதாவது உண்மையான விகிதம் பெரும்பாலும் அடங்கும் வரம்பு, ஏறத்தாழ 85 முதல் 93 வரை. இரண்டாவதோ 70 முதல் 97 வரை விரிகிறது. "30 மாதிரிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை" என்ற கூற்றைக் கேட்டால், 3ஐ மாதிரிகளின் எண்ணிக்கையான 30ஆல் வகுத்துப் பாருங்கள், பிழையே தென்படாத ஆய்வில் பிழையின் மேல்வரம்பைத் தோராயமாகத் தரும் விதி அது: உண்மையில் 10 சதவீதம்வரை தவறவிடும் சோதனைகூட அப்படியொரு முடிவைத் தரக்கூடும்.

எட்டாம் படி: யாரிடம், எப்படிச் சோதித்தார்கள்

முற்றிய நோயாளிகளை ஒருபுறமும் மருத்துவக் கல்லூரி மாணவர்களை மறுபுறமும் நிறுத்திச் சோதித்தால் எந்தச் சோதனையும் மின்னும். நடுவில் நிற்கும் ஐயத்துக்குரியவர்களிடம்தான் அதன் தரம் தெரியும். கிருமியின் மரபணுவைத் தேடும், காசநோய்க்கான எக்ஸ்பெர்ட் சோதனை இதற்குத் தெளிவான சான்று: நுண்ணோக்கியிலேயே கிருமி தென்படும் அளவுக்குச் சளியில் கிருமி மிகுந்தவர்களில் அதன் உணர்திறன் சுமார் 98 சதவீதம், நுண்ணோக்கியில் தென்படாத, வளர்ப்பில் மட்டும் உறுதியானவர்களில் சுமார் 67 சதவீதம். இரண்டும் ஒரே கருவியின் எண்கள். உணர்திறன் ஊரைப் பொறுத்து மாறாது என்று பாடநூல்களில் படித்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நோயின் தீவிரம் மாறும்போது அதுவும் மாறுகிறது.

தனித்தன்மையும் இடத்தைப் பொறுத்தது. மத்திய ஆப்பிரிக்காவில் லோவா லோவா என்னும் வேறொரு புழு, யானைக்கால் அட்டையைத் தவறாகப் பாசிட்டிவ் ஆக்குகிறது. அப்புழு இல்லாத நம் கடற்கரையில் அந்தப் பிழைக்கு இடமில்லை.

பிறகு கையாளும் விதம். அட்டையைப் பத்தாவது நிமிடத்தில் வாசிக்க வேண்டும். பிற வேலைகளை முடித்துவிட்டு அரை மணி கழித்துப் பார்த்தால், இல்லாத கோடு மெல்லத் தோன்றிவிடக்கூடும். பல அட்டைகளின் உறையில் அச்சிட்டுள்ள வெப்பநிலை வரம்பை மே மாதத்துக் கடலூர் வெயில் எளிதாகத் தாண்டிவிடும். ஸ்லைடு முடிவை அறிந்தவர் அட்டையை வாசித்தால் மங்கிய கோடு அவர் விருப்பப்படி தெரியும் அல்லது மறையும். ஆகையால் ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியக் கூடாது. பாசிட்டிவ் ஆனவர்களுக்கு மட்டும் அளவுகோல் சோதனையைச் செய்து, நெகட்டிவ் ஆனவர்களை அப்படியே விட்டுவிட்ட ஆய்வில், தவறவிட்டவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். அங்கே உணர்திறன் பொய்யாக உயர்ந்திருக்கும். இவற்றையெல்லாம் ஆய்வுக் கட்டுரைகள் ஒளிக்காமல் எழுத வேண்டும் என்பதற்காக 2003இல் வெளியாகி 2015இல் புதுப்பிக்கப்பட்ட ஸ்டார்ட் என்னும் நெறிமுறைப் பட்டியல் இருக்கிறது.

ஒன்பதாம் படி: முடிவுத்தாளின் முன் இதைப் பயன்படுத்துதல்

மருத்துவரிடம் கேட்கத்தக்க முதல் கேள்வி, "இந்தச் சோதனை எவ்வளவு துல்லியம்?" என்பதன்று; "சோதனைக்கு முன்பே எனக்கு இந்நோய் இருக்கும் என்று எவ்வளவு ஐயப்பட்டீர்கள்?" என்பதே. காய்ச்சலோடு வந்தவரின் உடலில் ஸ்க்ரப் டைஃபஸுக்கே உரிய கருகிய பொருக்குப் புண்ணைக் கண்ட மருத்துவர், எலைசா நெகட்டிவ் என்று வந்தாலும் மருந்தை நிறுத்தமாட்டார். அந்தப் புண்ணும் ஒரு சோதனையே: பலரிடம் அது காணப்படுவதில்லை என்பதால் உணர்திறன் குறைவு, காணப்பட்டால் வேறு நோயாக இருப்பது அரிது என்பதால் தனித்தன்மை மிக அதிகம். மாறாக, எந்தத் தொந்தரவும் இல்லாதவர் முழு உடல் பரிசோதனைத் தொகுப்பு ஒன்றில் முப்பது நாற்பது சோதனைகளைச் செய்துகொள்ளும்போது, ஒவ்வொன்றின் தனித்தன்மையும் உயர்வாக இருந்தாலும், ஒன்றிரண்டு தவறான பாசிட்டிவ் வருவதை எதிர்பார்த்தே ஆக வேண்டும். அப்படி வந்த ஒன்றுக்காக மருந்து தொடங்குமுன், வேறு முறையில் அமைந்த இரண்டாவது சோதனையைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை.